டீசல் எஞ்சினும் பழைய பக்காட் வண்டியும்: ஒரு தொழினுட்ப வரலாற்றுக் குறிப்பு

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் ஒரு பொறி கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டையும் கண்டுபிடித்தவரின் பெயரையும் குறித்துவிட்டால் தம் பணி நிறைவுற்றதெனக் கொள்வது பெருவழக்காக உள்ளது. ஆயின், அப்பொறி மக்களின் அன்றாட வாழ்க்கையினுள் புகுவதற்கு எடுத்த காலமும் அது புகுந்த வழியும் அத்தகைய நூல்களிலே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. டீசல் எஞ்சினின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ருடோல்ப் டீசல் 1893ஆம் ஆண்டிலே தமது கருத்துக்கு ஜேர்மனியில் ஆக்கவுரிமை பெற்றார். 1897ஆம் ஆண்டில் ஓக்ஸ்பேர்க் நகரிலே பேராசிரியர் மொறிற்ஸ் ஷ்றோற்றர் அவ்வெஞ்சினைச் சோதித்து, எரிபொருளின் வெப்பத்திலே 26.2 வீதத்தை அது பயன்தரும் வேலையாக மாற்றுகிறதென அறிவித்தார். அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் இதில் அரைப்பங்கையேனும் எட்டவில்லை. இத்துணைச் சிறப்புடைய எஞ்சின், தொழிற்சாலையில் தொகையாக ஆக்கப்பட்ட ஒரு பயணிகள் காரிலே இடம்பெற்றது 1936ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பெர்லின் கண்காட்சியிலே மேர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் தனது '260 டி' காரை அறிமுகஞ் செய்தது. இடைப்பட்ட முப்பத்தொன்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது? டீசல் எஞ்சின் காரினுள் நேர்வாயில் வழியாக நுழையவில்லை. பிறர் ஆக்கிய பழைய காரொன்றின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி அகற்றி, அவ்விடத்திலே படகுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினை இறக்கிவைத்த சிலரின் கைகள் வழியாகவே அது முதலில் நுழைந்தது. இக்கட்டுரை அவ்வழியைப் பற்றியது.

தாமதத்துக்கான முதற் காரணம் பொறியியல் சார்ந்ததாகும். பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் வளியும் கலந்த கலவை உருளையினுள் அமுக்கப்பட்டு மின்பொறியால் எரியூட்டப்படுகின்றது. டீசல் எஞ்சினிலோ வளி மாத்திரமே அமுக்கப்படுகின்றது. அது தன் கனவளவிலே பதினைந்து, பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கப்படும்போது அதன் வெப்பநிலை மிக உயர்ந்து, அத்தருணத்திலே செலுத்தப்படும் எண்ணெய் தானே தீப்பற்றுகின்றது. அதிக அமுக்கத்தைத் தாங்குவதற்கு உருளையும் முசலமும் சுழற்றித்தண்டும் பருமனாக அமைதல் வேண்டும். இதற்கு மேலாக, தொடக்ககாலத்து டீசல் எஞ்சின்களில் எண்ணெயை உருளையினுள் விசிறுவதற்கு உயரமுக்க வளி தேவைப்பட்டமையால், அதற்கென ஒரு வளியமுக்கியையும் எஞ்சின் சுமக்கவேண்டியிருந்தது. கப்பல்களும் நீர்மூழ்கிகளும் மின்னிலையங்களும் இப்பாரத்தைப் பொருட்படுத்தவில்லை. வீதியில் ஓடும் வண்டியால் அது இயலாதிருந்தது. எண்ணெயைப் பம்பியினால் நேரே செலுத்தும் முறை வளர்ந்த பின்னரே நிலைமை மாறியது. 1923, 1924ஆம் ஆண்டளவில் பென்ஸ், மான் ஆகிய ஜேர்மன் நிறுவனங்கள் டீசல் பாரவூர்திகளை ஆக்கின. 1927இல் றொபேட் பொஷ் நிறுவனம் உட்செலுத்து பம்பிகளைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஆயினும் கார் ஆக்குவோர் அசையவில்லை.

இந்நிலையிலே நம் கவனத்துக்குரியவர் ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள கொலம்பஸ் என்னுஞ் சிறு நகரைச் சேர்ந்த கிளெசி கமின்ஸ் ஆவார். 1888இற் பிறந்த இவர் எட்டாம் வகுப்புக்கு மேல் பாடசாலைக் கல்வி பெறாதவர். டபிள்யூ. ஜீ. ஏர்வின் என்ற வங்கியாளரின் கார்ச் சாரதியாகவும் இயந்திரத் தொழிலாளியாகவும் பணியாற்றியவர். முதலாளியின் பண உதவியுடன் 1919ஆம் ஆண்டிலே எஞ்சின் நிறுவனமொன்றைத் தொடங்கினார். ஹ்விட் என்பாரின் எண்ணெய் எஞ்சின் ஆக்கவுரிமையைப் பெற்று, விவசாயிகளுக்கான சிறு எஞ்சின்களை ஆக்கி, சியேர்ஸ் றோபக் என்னும் அஞ்சல்வழி வணிக நிறுவனத்தினூடாக விற்றார். அந்நிறுவனம் 'பொருள் பிடிக்காவிடின் பணத்தைத் திருப்பித் தருவோம்' என்று வாக்களித்திருந்தது. நீர்ப்பாசனப் பருவத்திலே எஞ்சினை வாங்கிப் பயன்படுத்திய விவசாயிகள் சிலர், பருவம் முடிந்ததும் அதனைத் திருப்பியனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொண்டனர் என்று கூறப்படுகின்றது. விவசாயியின் நோக்கிலே அது மிகச் சிக்கனமான ஏற்பாடு! கமின்ஸின் நிறுவனமோ நட்டத்தில் மூழ்கியது. பின்னர் மீன்பிடிப் படகுகளுக்கும் நிலந்தோண்டும் பொறிகளுக்குமான எஞ்சின்களால் அது ஓரளவு மூச்சுவிட்டது. எனினும் இலாபமென்று ஒன்றைக் காணவில்லை.

1929ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. மூலதனம் வற்றியது. பத்தாண்டுகளாகப் பணத்தை இறைத்த வங்கியாளர் இனியும் இறைப்பாரா என்பது ஐயத்துக்குரியதாயிற்று. நிறுவனம் மூடப்படும் நிலையிலே கமின்ஸ் ஒரு காரியஞ் செய்தார். 1925ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட, பயன்படுத்திய பக்காட் லிமோசின் வண்டியொன்றைப் பெற்று, அதன் பெற்றோல் எஞ்சினை அகற்றி, நான்கு உருளைகள் கொண்ட தமது 'யு' வகைப் படகு எஞ்சினை அதனுள்ளே பொருத்தினார்.

இவ்வேலை சொல்வது போல் எளிதன்று. எஞ்சின் மாற்றத்தில் ஈடுபட்ட எவரும் அறிவர்: புதிய எஞ்சின் பழைய இடத்தினுள் அடங்குமா என்பது முதல் வினாவே தவிர முழு வினாவன்று. டீசல் எஞ்சினின் மிகைப்பாரம் முன்னச்சின் மீதே இறங்குகின்றது. முன்வில்லுகள் அதனைத் தாங்கவேண்டும். அதன் அதிர்வு அடிச்சட்டத்தின் ஒவ்வோர் ஆணியையும் சோதிக்கின்றது. அனைத்திலும் முக்கியமானது வேகம் பற்றிய பிரச்சினையாகும். படகு எஞ்சின் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுழல்வது. பெற்றோல் எஞ்சினோ அதனினும் பன்மடங்கு விரைந்து சுழல்வது. விரைந்து சுழலும் எஞ்சினுக்கென அமைந்த பற்சில்லு விகிதத்தைக் கொண்ட பின்னச்சோடு மெதுவாகச் சுழலும் எஞ்சினை இணைத்தால் வண்டி ஊர்ந்து செல்லுமேயன்றி ஓடாது. பக்காட் வண்டி தெரிவுசெய்யப்பட்டமைக்கு அதன் ஆடம்பரம் காரணமன்று; நீண்ட மூக்கும் தடித்த அடிச்சட்டமும் உடைய கனத்த வண்டி அது என்பதே பொருத்தமான விளக்கமாகும். இன்று பழங்கார்களைப் பேணுவோர், அந்நாளைய பக்காட் ஒன்றிலிருந்து அதற்குரிய எஞ்சினைப் பிடுங்கி எறிவதைப் பெரும் பாவமாகக் கருதக்கூடும். 1929இல் அது நாலு வருடம் ஓடிய பழைய கார், அவ்வளவே.

நத்தார்த் தினத்தன்று கமின்ஸ் அவ்வண்டியில் வங்கியாளரை ஏற்றிச் சென்றார் என்றும், புகையும் இரைச்சலும் மிக்க எஞ்சினையே எதிர்பார்த்த ஏர்வின் அவ்வோட்டத்தில் மனம் மாறி மேலும் முதலிட இசைந்தார் என்றும் கதை கூறப்படுகின்றது. இக்கதையின் மூலம் பெரும்பாலும் கமின்ஸின் சொந்த நினைவுகளும் அவருடைய நிறுவனம் பேணிவந்த மரபுமேயாகும். அவர் தமது வாழ்க்கை நினைவுகளை 1967இலே நூலாக வெளியிட்டார். தன்னை வெற்றியாளனாக நிலைநிறுத்திய ஒரு நிறுவனம் தன் தோற்றக் கதையைச் செப்பனிட்டுக் கொள்வது இயல்பு. நத்தார்த் தினம் என்ற நாட்பொருத்தம் அக்கதைக்குச் சற்று மிகையான அழகைத் தருகின்றது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் வண்டி இருந்தது, ஓடியது, பணம் தொடர்ந்து கிடைத்தது என்பவற்றில் ஐயமில்லை. இவ்வெஞ்சின் மாற்றத்தின் முதல் நோக்கம் ஒரு புதிய காரை ஆக்குவதன்று என்பதே இங்கு நாம் மனங்கொள்ளவேண்டியது. அது ஒரு வாதம். வங்கியாளர் ஒருவரின் முன் வைக்கப்பட்ட, சில்லுகள் பூட்டிய வாதம்.

அடுத்த வாதம் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. 1930 ஜனவரியில் கமின்ஸ் அதே வண்டியை இந்தியானாபொலிஸ் நகரிலிருந்து நியூயோர்க்கில் நடைபெற்ற தேசிய மோட்டார்க் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்றார். தூரம் 792 மைல். எரிந்த எண்ணெய் 30 கலன். செலவு 1 டொலர் 38 சதம். பத்திரிகைகள் இந்த ஒன்றே முக்கால் வரிச் செய்தியைப் பற்றிக்கொண்டன. அன்று தொட்டு இன்றுவரை டீசல் எஞ்சினின் சிறப்பைப் பேசும் எழுத்துகளில் இந்த 1 டொலர் 38 சதம் ஒரு மந்திரம் போல் உச்சரிக்கப்பட்டு வருகின்றது. இம்மந்திரத்தைச் சிறிது பிரித்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

792 மைலை 30 கலனால் வகுத்தால் ஒரு கலனுக்கு 26.4 மைல் கிடைக்கின்றது. இது அமெரிக்கக் கலன். நாம் முன்னர் வழங்கிய பிரித்தானியக் கலனிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு சிறியது. அத்தகைய பாரமான வண்டி தன் பெற்றோல் எஞ்சினுடன் கலனுக்குப் பத்து மைல் ஓடியிருக்குமென ஓர் எடுகோளாக வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் அதே பயணத்துக்கு ஏறத்தாழ 79 கலன் பெற்றோல் தேவைப்பட்டிருக்கும். 1930இல் ஐக்கிய அமெரிக்காவிலே பெற்றோலின் சராசரிச் சில்லறை விலை கலனுக்கு ஏறக்குறைய 20 சதம். ஆகவே செலவு 15 டொலர் 80 சதத்தை அண்மியிருக்கும். கமின்ஸின் செலவிலும் இது பதினொரு மடங்குக்கு மேற்பட்டது. இப்பதினொரு மடங்கை எஞ்சினின் சிறப்பென்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. எஞ்சினின் வினைத்திறனால் விளைந்தது கலனுக்குப் பத்து மைல் இருபத்தாறு மைலாகிய பங்கு மாத்திரமே; அஃதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எஞ்சிய நாலு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு எண்ணெயின் விலையால் விளைந்தது. 1 டொலர் 38 சதத்தை 30 கலனால் வகுத்தால் கலனுக்கு 4.6 சதம் வருகின்றது. வண்டியில் எரிந்தது வீடுகளைச் சூடாக்கும் உலைகளுக்கு விற்கப்பட்ட எண்ணெய். எடுகோளைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் முடிவு பெரிதும் மாறாது: புகழ்பெற்ற அச்சிக்கனத்தின் பெரும்பங்கு பொறியியலுக்கு உரியதன்று, சந்தைக்கும் அரசிறைக்கும் உரியது.

அரசிறை என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1919இல் ஒறிகன் மாநிலம் வீதிகளை அமைக்கும் பொருட்டுப் பெற்றோல் மீது வரி விதித்தது. பத்தாண்டுகளுள் எல்லா மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. கலனுக்கு இரண்டு சதம் முதல் ஆறு சதம் வரை அறவிடப்பட்டது. உலை எண்ணெய் வீதியில் ஓடுமென எந்தச் சட்டசபையும் எண்ணியிருக்கவில்லை. ஆகவே கமின்ஸின் வண்டி, பெற்றோல் பாவனையாளர் செலுத்திய வரியால் அமைந்த வீதிகளிலே, அவ்வரியைச் செலுத்தாத எண்ணெயால் ஓடியது. இதனை ஒரு குற்றச்சாட்டாகக் கூறவில்லை. புதிய தொழினுட்பம் ஒன்று முதன்முதலில் நிலைகொள்ளும் இடம் பல வேளைகளில் சட்டம் எட்டிப்பார்க்காத இடமாகவே இருக்கின்றது என்பதே எம் கருத்து.

கமின்ஸ் பின்னர் செய்தவை இதே வாதத்தின் விரிவுகள் எனலாம். 1930 மார்ச்சிலே பக்காட் உடலொன்றில் பொருத்திய டீசல் எஞ்சினுடன் புளோரிடாவின் டேற்றோனா கடற்கரையில் மணிக்கு 80 மைலைச் சற்றே தாண்டினார். 1931இல் டியூசன்பேர்க் அடிச்சட்டத்தில் அமைத்த பந்தயக் கார் அதே மணலில் 100 மைலைக் கடந்தது. அவ்வாண்டு மே மாதம் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திலே டேவ் எவன்ஸ் என்னுஞ் சாரதி அக்காரை ஒருமுறையேனும் நிறுத்தாது ஓட்டி முடித்தார். பந்தயத்தில் அது பதின்மூன்றாம் இடத்தையே பெற்றது. ஆனால் எரிபொருள் நிரப்ப நிறுத்தாமல் 500 மைலை ஓடி முடித்த முதற் கார் என்ற பெருமை அதற்கே உரியது. சராசரி வேகம் மணிக்கு 86 மைல். விரைவிலே தோற்றுச் சிக்கனத்திலே வென்ற பந்தயம் அது.

அதே 1931இல் நிகழ்ந்த மற்றொன்று எஞ்சின் மாற்றத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. டீசல் பாரவூர்தியொன்றில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்குச் சென்றபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயின் நீண்ட இறக்கத்திலே பிறேக்குகள் சூடேறிச் செயலிழக்க, கமின்சும் உடன் சென்றோரும் மயிரிழையில் உயிர் தப்பினர். பெற்றோல் எஞ்சினில் சாரதி காலை எடுத்ததும் வளி உட்செல்லும் வழி அடைபட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் அவ்வழி அடைபடுவதில்லை. எண்ணெய் மட்டுமே நிறுத்தப்படுகின்றது. அமுக்கப்பட்ட வளி விரிந்து முசலத்தை மீண்டும் தள்ளிவிடுவதால் தடை மிகக் குறைவு. எஞ்சினை மாற்றுபவர் எரிபொருட் செலவை மாத்திரம் மாற்றுவதில்லை, வண்டியின் முழுக் குணத்தையும் மாற்றுகிறார் என்பதை அக்கணவாய் உணர்த்தியது. ஓய்வு பெற்ற பின்னர் கமின்ஸ் அவ்வமுக்க வளியை உச்சத்திலே வெளியேற்றி எஞ்சினையே தடுப்பாக்கும் கருவியை வகுத்தார். 1961இல் அது சந்தைக்கு வந்தது. மலைவீதிகளில் இறங்கும் பாரவூர்திகள் இன்றும் எழுப்பும் அதிரொலி அதனுடையதே.

பிரித்தானியாவிலும் கதை இதே பாங்கிற் சென்றமை வியப்புக்குரியது. மஞ்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள பற்றிக்றொவ்ற்றில் இயங்கிய கார்ட்னர் நிறுவனம் படகு எஞ்சின்களை ஆக்கிவந்தது. 1929ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவற்றுள் ஒன்று லன்சியா பேருந்தொன்றில் பெற்றோல் எஞ்சினுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டது. நிறுவனம் வீதி வண்டிகளுக்கென்றே 'எல்.டபிள்யூ.' எஞ்சினை 1931இல் வெளியிட்டமை இம்மாற்றத்தின் வெற்றியைத் தொடர்ந்தே. அவ்வகை எஞ்சின் பூட்டிய பென்ற்லி கார் ஒன்று 1933ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ நெடும் பயணப் போட்டியில் ஐந்தாவதாக வந்தது. அதனை ஓட்டியவர் டி கிளிபோட் பிரபு. (இவரே 1935இல் வீதி விபத்து வழக்கொன்றில் பிரபுக்கள் சபையின் முன் விசாரிக்கப்பட்டு விடுதலையானவர், பிரபு ஒருவரை அச்சபையே விசாரித்த இறுதி வழக்கு அது.) உயர்குடியினரின் விரைவுக்காரிலே பேருந்து எஞ்சின் ஏறியமை அக்காலத்தோருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். பேருந்து முதலாளிகளுக்கோ அது வேடிக்கையன்று.

பிரித்தானியத் திறைசேரிக்கும் அது வேடிக்கையாக இருக்கவில்லை. டீசல் பேருந்துகள் பெருகப் பெருகப் பெற்றோல் வரி வருமானம் ஆட்டங்காணுமென்பதை அது உணர்ந்தது. 1933இல் கனவெண்ணெய்க்குக் கலனுக்கு ஒரு பென்னி வரி வந்தது. 1935இல் வீதி வண்டிகளில் பயன்படும் எண்ணெய்க்கு அது எட்டுப் பென்னியாக்கப்பட்டுப் பெற்றோல் வரிக்குச் சமமாக்கப்பட்டது. அதன் பின்னரும் பேருந்துகள் டீசலையே நாடின. வரிச்சலுகை நீங்கிய பின்னும் எஞ்சியிருந்த அந்த இரண்டு, இரண்டரை மடங்கு வினைத்திறனே டீசல் எஞ்சினின் உண்மையான பெறுமதி. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் வண்டிக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

தனியார் காருக்கு அது போதவில்லை. 1935இல் கமின்ஸ் இலேசான டீசல் எஞ்சினொன்றை ஓபேண் காரில் பொருத்தி நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 7 டொலர் 63 சதச் செலவில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்கக் கார் நிறுவனங்கள் எவையும் மசியவில்லை. காரணம் கணக்கிலேயே உண்டு. எஞ்சினின் மிகைவிலை ஒருமுறை செலுத்தப்படுவது. சேமிப்பு ஒவ்வொரு மைலிலும் சிறுகச் சிறுகச் சேர்வது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் உலாவரும் குடும்பக் காரில் அச்சேமிப்பு முதலை ஈடுசெய்யுமுன் கார் பழசாகிவிடும். கமின்ஸ் நிறுவனம் முதன்முதலாக இலாபம் ஈட்டியது 1937இலாகும்; அவ்விலாபம் கார்களாலன்றிப் பாரவூர்திகளால் வந்தது. '260 டி' காரை ஜேர்மனியிலே பெரிதும் விரும்பியோரும் வாடகைக்கார்ச் சாரதிகளே.

எமது நாட்டு வரலாற்றிலும் இவ்விடயம் தடயம் பதித்திருக்கின்றது. கனவெண்ணெயால் இயங்கும் மோட்டார் வாகனங்களுக்கு வரிவிதிக்கும் தனிக் கட்டளைச்சட்டமொன்று குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. எண்ணெயின் மீதன்றி வண்டியின் மீதே அவ்வரி சுமத்தப்பட்டது. இந்த ஏற்பாட்டின் விளைவு நுட்பமானது: குறைவாக ஓடுபவருக்கு டீசல் கார் பாரம், நிறைய ஓடுபவருக்கு இலாபம். கார் வைத்திருப்போர் எஞ்சினை மாற்றுவதா விடுவதா எனக் கணக்கிடுகையிலே, பொறியியல் ஒருபுறமிருக்க, இத்தகைய சட்டங்களும் கணக்கினுள் வந்துவிடுகின்றன. விலை மாத்திரமன்றிக் கிடைப்பருமையும் இதே தொழிலைச் செய்யும் என்பதை 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் அறிவர். பொருளாதாரத் தடைக் காலத்திலே அங்கு பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் சிறிது பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயால் ஓடின. அவற்றின் தாழ்ந்த அமுக்கவிகிதம் அதற்கு இடங்கொடுத்தது. எஞ்சினை மாற்றாமல் எரிபொருளை மாற்றிய வழி அது.

பழைய உடலிலே டீசல் எஞ்சின் ஏறிய கதையின் மிக நீண்ட அத்தியாயம் நமது அயல் நாட்டில் எழுதப்பட்டது. மொரிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளைப் பெற்று, கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள உத்தர்பாராவிலே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆக்கிய அம்பாசடர், பெற்றோல் எஞ்சினுக்கென வரையப்பட்டதொரு கார். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அதற்கு ஒன்றரை லீற்றர்ப் பிரித்தானிய டீசல் எஞ்சின் பூட்டப்பட்டது. விரைவு குறைந்தது, அதிர்வு கூடியது. வாடகைக்கார்ச் சாரதிகள் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. 2014 மே மாதத்திலே அவ்வாலை உற்பத்தியை நிறுத்திய காலத்திலும் 1950களின் அவ்வுடல் டீசல் எஞ்சினோடுதான் விற்பனையாகிக்கொண்டிருந்தது.